விரோதி எழுதாத புத்தகம்

ஞானசிகாமணி சார் எந்தப் பாடப்புத்தகத்தையும் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் படிப்பார். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார். இரண்டாம் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள், சரிபார்த்தவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக இறங்கி வருவார். எங்காவது விரல் நின்றுவிடும்.

“இவன் பாக்கியசீலனுக்குச் சகலை.”

புத்தகம் மேசையின் இடதுபக்கம் போய்விடும். இடதுபக்கம் என்றால் வேண்டாம்.

நான் வேலை கேட்டுப் போனது 1996 ஜூன் இரண்டாவது வாரம். அன்றைக்கே இடதுபக்கம் ஓரடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வலதுபக்கம் ஒரு கண்ணாடிக் குண்டு மட்டும் இருந்தது, அடியில் தாள் எதுவும் இல்லாமல்.

சார் அரசாங்க சர்வேயர். பாளையங்கோட்டையில் அவர் வீடு இருந்த தெருவிலேயே அவர்களுடைய கோயிலும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். மே மாதம் நடந்த கோயில் கமிட்டித் தேர்தலில் சார் செயலாளர் பதவிக்கு நின்று பதினோரு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் பாக்கியசீலன். கோயிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் ஹெட்மாஸ்டர். சாரின் இரண்டு பெண்களும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். முடிவு தெரிந்த மறுநாளே சார் போய் இரண்டு பேருக்கும் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? ஆனால் சார் இருபது வருஷமாக அதே ஊரில் நிலம் அளந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் நாலடி புறம்போக்கு என்று எழுதியிருந்தார். இன்னொன்றின் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டச் சொல்லியிருந்தார். மூன்றாவதில் கக்கூஸ் முழுவதுமே அடுத்தவர் பட்டாவில் இருந்தது. இந்த விவரத்தையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவி லில்லி அக்கா. அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“ஊர்ல ஒரு ஸ்கூல் பாக்கி இல்ல டீச்சர். எல்லாத்தையும் அளந்துட்டாரு. இனிமே பிள்ளைகள எங்கன கொண்டு போயிச் சேக்க?”

அதனால் வீட்டிலேயே படிப்பு என்று முடிவாகியிருந்தது. என்ன படிப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த என் அண்ணன் அலி அக்பர் காக்காவிடம்தான் சார் புத்தகங்கள் வாங்கினார். வாங்கியதில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து, “இதுல ஆள் சரியில்ல” என்று சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடுகிறார் என்று காக்கா வந்து சொன்னார். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்கு வராது. இரண்டு பெண்பிள்ளைகள்தானே என்று போனேன்.

சார் என் சான்றிதழைப் பார்க்கவில்லை.

“மேலப்பாளையமா?”

“ஆமா சார்.”

“எங்க கோயில்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும்...” என்று ஆரம்பித்தவர், என் தலைமுக்காட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “பேரு என்ன சொன்னீங்க?”

“ஆபிதா பீவி.”

அவர் முகம் தெளிந்தது. “லில்லி, இவங்க எந்தக் கட்சியும் இல்ல. இவங்களே இருக்கட்டும்.”

வலதுபக்கத்துக்கு முதலில் வந்த புத்தகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. லில்லி அக்காவின் அண்ணன் டாலஸில் இருந்தார். அங்கே வீட்டிலேயே வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்களுக்கென்று ஏதோ ஒரு சபை அச்சடிக்கிற பாடங்களைப் பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். சார் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். வில்பர், டோரத்தி, ஹாங்க் என்று பெயர்கள். விரல் எங்கும் நிற்காமல் அடிவரைக்கும் போனது.

“ஒருத்தனையும் தெரியல” என்றார். ஜெபம் முடித்தவர் போல ஒரு நிம்மதி.

“அங்க போயி நீங்க இன்னும் அளக்கல, அதாம்” என்றார் லில்லி அக்கா.

அமெரிக்க முறை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பக்கம் பலகை அடைத்த தனித் தடுப்பு. அதற்குள் உட்கார்ந்து பிள்ளை தானே படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு சின்னக் கொடியைத் தூக்கினால் டீச்சர் வருவார். பேசாமல் நடக்கிற பள்ளிக்கூடம். எனக்காகவே யாரோ யோசித்துவைத்தது போல இருந்தது.

தடுப்பு செய்ய சார் பிடித்த ஆசாரி சவப்பெட்டி செய்கிறவர். பலகை மிச்சம் இருந்ததால் இரண்டே நாளில் முடித்துவிட்டார். வார்னிஷ் அடித்து நிறுத்திவிட்டு, “உள்ள வெள்ளத் துணி அடிக்கணுமா சார்?” என்று கேட்டார். கொடிக்கு, சட்டசபைத் தேர்தல் முடிந்து தெருவில் கிடந்த கட்சிக் கொடிகளைச் சார் பொறுக்கி வந்தார். ஆளுக்கொரு கட்சி. சன்னல் வழியாகப் பார்த்துப் போனவர்கள் உள்ளே என்ன கூட்டணி நடக்கிறது என்று நினைத்தார்களோ.

சின்னவள் ஹெப்சிக்கு எட்டு வயது. அவள் பாடத்தில் எல்லாக் கணக்கும் ஆப்பிளில் இருந்தது. டாம் என்ற பையனிடம் நாலு ஆப்பிள், அவன் அம்மா இன்னும் மூன்று கொடுத்தாள். ஹெப்சி கொடியைத் தூக்கினாள்.

“மிஸ், டாமுக்கு என்ன சீக்கு?”

“சீக்கா?”

“ஏழு ஆப்பிள் வாங்கிக் குடுத்திருக்காங்களே. பெட்ல சேத்திருக்கோ?”

அறிவியல் பாடத்தில், வெளியே போய்க் கறுப்புத் தாளில் விழும் பனியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து வரையச் சொல்லியிருந்தது. ஜூன் மாதம், பாளையங்கோட்டை வெயில். பாடத்தில் சொன்னதை விடக்கூடாது என்று சார் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்து அம்மியில் வைத்துத் தட்டினார். பனிக்குச் சாளை வாசம். ஹெப்சி வரைந்த பனித்துகளில் ஒரு செதிலும் இருந்தது. விலங்கியல் படித்தவள் என்ற முறையில் செதில் சரியாக வந்திருப்பதாகச் சொன்னேன்.

மூத்தவள் ஜெமிமா ஒன்றும் கேட்க மாட்டாள். அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது; பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு நாளைக்கு முடிக்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, தடுப்புக்குள் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஜூலை கடைசியில் ஒரு நாள் அவள் கொடி எழுந்தது.

“மிஸ், இதெல்லாம் முடிச்சா நான் எந்த கிளாஸ்?” தணிந்த குரலில் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. சாரிடம் கேட்டேன். அவர் ஈசிசேரில் இருந்து எழவில்லை.

“ஒரு சர்டிபிகேட் அனுப்புவான். அமெரிக்கா பூரா செல்லும்.”

திரும்பி வந்து ஜெமிமாவிடம் சொன்னேன்.

“நான் அமெரிக்காவுக்கா போறேன்? எனக்கு ஒம்பதாங் கிளாசுக்குப் போணும் மிஸ். ஒம்பதாவதுலதான் லேப்புக்குள்ள விடுவாங்க. ரெண்டு வருசமா சன்னல் வழியா எட்டி எட்டிப் பாத்திருக்கேன். அங்கன ஒரு எலும்புக்கூடு நிக்கு. அதுக்கு ஒரு கை கெடயாது. அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

அகராதிக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்தாள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பள்ளிக்கூடம் போகாதவர்கள் வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். பாஸானால் ஒன்பதாம் வகுப்பில் சேரலாம். எழுதாவிட்டால் அடுத்த வருஷம் எட்டாவதில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், அதுவும் அப்பா எங்காவது சேர்க்கச் சம்மதித்தால். ஆகஸ்ட் முப்பது கடைசி நாள். படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒன்று பெற்றோர். மற்றொன்று கடைசியாகப் படித்த பள்ளியின் ஹெட்மாஸ்டர்.

“எங்கப்பா கையெழுத்தும் பாக்கியசீலன் சார் கையெழுத்தும் ஒரே தாள்ல” என்றாள் ஜெமிமா. “தாளு தீப்பிடிச்சிரும்.”

“அம்மா என்ன சொல்லுதாங்க?”

“படிவம் வாங்கிக் குடுத்ததே அம்மாதான். நான் சொன்னா நடக்காது, நான் சொன்னதுனாலயே நடக்காதுன்னுட்டாங்க.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. தேர்வு மாநிலப் பாடத்திட்டத்தில். அந்தப் புத்தகங்கள் இடதுபக்கக் குவியலில் இருந்தன. அதிலும் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஆக அடியில் கிடந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் முதல் பெயரே பாக்கியசீலன்தான். நூலாசிரியர் குழுத் தலைவர். சார் அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜங்ஷனில் இறங்கி காக்கா கடைக்குப் போனேன்.

“எட்டாங் கிளாஸ் கணக்கு, முன்பக்கம் இல்லாதது இருக்கா காக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். “முன்பக்கம் இல்லாததா? எல்லாரும் கிழியாதது கேப்பாங்க.”

“கிழிஞ்சதுதான் வேணும்.”

“ஏ பிள்ள, எழுதுனவன் பேர எவன் படிக்கான்? அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“படிக்கிறவங்க இருக்காங்க.”

அட்டையும் முதல் நான்கு பக்கமும் இல்லாத ஒன்றைக் குவியலிலிருந்து உருவிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். பிறகு ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கணக்கு விட்டுப்போய் வெகுநாளாகியிருந்தது. நாற்கரத்தின் பரப்பளவு என்ற பாடத்தில் ஏழாவது கணக்கு இடித்தது. மூலைவிட்டம் நாற்பத்தெட்டு மீட்டர். அதற்கு இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடுகள் பதினேழும் பதிமூன்றும். எனக்கு எழுநூற்றிருபது வந்தது. புத்தகத்தின் கடைசியில் விடை ஆயிரத்து நானூற்று நாற்பது என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த எவனோ பென்சிலால் ‘தப்பு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். அவன் எழுதியது சரி. பாதியாக்க மறந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் எழுத்தை அழித்தேன்.

சார் தானாகக் கண்டுபிடிக்கிற தப்புக்கு ஒரு மரியாதை உண்டு. அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஒரு மைல்கல்லை எவனோ இருபதடி தள்ளி நட்டுவிட்டான் என்று ஒன்பது கடிதம் எழுதியிருந்தார். பத்தாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு கிளம்பினார். லில்லி அக்கா மண்வெட்டியை எங்கே ஒளித்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் அந்தப் புத்தகத்தைச் சார் மேசையில் வைத்தேன். அவர் திறந்தார். ஐந்தாம் பக்கம் இருந்தது. பின்னால் தள்ளினார். ஒன்றும் இல்லை.

“ரெண்டாம் பக்கம் எங்க?”

“பழைய புத்தகம் சார்.”

“எழுதுனது யாரு?”

“பேர் இல்ல சார்.”

அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது உண்மை. சார் விரலை வைக்க இடம் இல்லாமல் பக்கங்களைப் புரட்டினார். நாற்கரம் வந்தது. கோணல்மாணலான ஒரு நிலத்தின் படம். குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் செங்குத்து இறக்கியிருந்தது. சார் கண்ணாடியை மாட்டினார்.

“இது எங்க டிபார்ட்மெண்ட் வேலல்லா!” என்றார். “கர்ணம் போட்டு ரெண்டு பக்கமும் செங்குத்து எறக்கிருக்கான் பாருங்க. எழுதுனவன் வெயில்ல நின்னவன் டீச்சர். ஏட்டி ஜெமிமா, இங்கன வா.”

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டில் கொடியைத் தூக்க ஆள் இல்லை. சார் லீவு போட்டுவிட்டு அளவுச் சங்கிலியை எடுத்து வந்தார். பின்வாசலை அளந்தார்கள். ஹெப்சி இரண்டு கட்சிக் கொடிகளையும் இரண்டு மூலையில் நட்டுவிட்டு நடுவில் நின்றாள். பக்கத்து வீட்டு வேலி ஒன்பது அங்குலம் உள்ளே வந்திருப்பது தெரிந்தது. இப்போது பேச வேண்டாம், பிள்ளை படிக்கட்டும் என்று லில்லி அக்கா கெஞ்சி நிறுத்தினார். ஜெமிமா ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி முடித்தாள். சாரும் தனியாக ஒரு நோட்டில் எல்லாக் கணக்கையும் போட்டார். கடைசி நாளைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஜெமிமா தடுப்புப் பலகையில் கோடு போட்டு அழித்துக்கொண்டு வந்தாள். சாருக்கு அது தெரியாது.

“இனிமே இந்தப் புத்தகந்தான். அமெரிக்காக்காரன் அடி, அங்குலம்னு போட்டுக் கெடுக்கான்” என்று சொல்லி அதை வலதுபக்கம் வைத்தார். “இந்த மாதிரி ஒரு ஆள் மட்டும் நம்ம கமிட்டில இருந்திருந்தா கோயில் இப்பிடியா இருக்கும்?”

ஜெமிமாவுக்கு இருமல் வந்தது.

பிடித்த நாற்கரத்தைக் கடைசிக்கு வைத்து, மற்றப் பயிற்சிகளையெல்லாம் முடித்துவிட்டுச் சார் அந்த ஏழாவது கணக்குக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் எழுநூற்றிருபது. புத்தகத்தைத் திருப்பி விடையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

“டீச்சர்! தப்பு! பெருக்குனவன் பாதியாக்காம விட்டுட்டான். ஏழு ஏர்ஸ் நெலம் பதினாலு ஏர்ஸ் ஆயிட்டு! எத்தன பிள்ளைக இதப் படிச்சிருக்கும்? எத்தன வாத்தியான் இதச் சொல்லிக் குடுத்திருப்பான்? ஒருத்தனும் பாக்கல!”

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

“யாரு எழுதுனதுன்னு மட்டும் தெரிஞ்சா, நேர்ல போயிச் சொல்லிட்டு வந்திருவேன்.”

ஜெமிமா எழுந்து போனாள். அகராதியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். இடதுபக்கக் குவியலின் அடியில் கிடந்த புதுப் புத்தகத்திலிருந்து அவள் பிளேடால் அறுத்த இரண்டாம் பக்கம்.

சாரின் விரல் வழக்கம்போலப் போனது. முதல் வரியிலேயே நின்றது.

உள்ளி உரித்துக்கொண்டிருந்த லில்லி அக்கா கத்தியை மெதுவாகத் தள்ளி வைத்தார். நான் கதவைப் பார்த்துவைத்துக்கொண்டேன். சார் தாளைப் பார்த்தார். கணக்கைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்து பாதி வழியில் வேறு ஏதோவாக மாறியது.

“ரெண்டு மடங்கு” என்றார் பைய. “லில்லி, தேர்தல்ல ஓட்டு எண்ணுனது யாரு? இவன் ஸ்கூல் கணக்கு வாத்தியான்தான? எல்லாத்தையும் ரெண்டு மடங்கா எண்ணிருக்கானுவ!”

“அப்ப உங்க ஓட்டையும்லா ரெண்டு மடங்கா எண்ணிருப்பாங்க” என்றார் லில்லி அக்கா.

சார் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டையைத் தேடினார். ஜெமிமா சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மற்றக் கையில் படிவம் இருந்தது.

“போறதுதான் போறீங்க. இதையும் கொண்டு போங்கப்பா.”

“என்னட்டி இது?”

அவள் சொன்னாள். தேர்வு, ஒன்பதாம் வகுப்பு, கடைசி நாள், இரண்டு கையெழுத்து. எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி சார் நின்றார்.

“அவன்ட்டப் போயி நான் கையெழுத்துக் கேக்கணுமா?” குரல் இறங்கிவிட்டது. “இதுக்கா இவ்வளவும்? நான் போகல. கடிதம் எழுதிக்கிடுதேன்.”

சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். ஜெமிமா என்னைப் பார்த்தாள். அழவில்லை. கொடியும் தூக்கவில்லை. சும்மா பார்த்தாள்.

அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“சார், கடிதம் போனா அடுத்த பதிப்புல அவங்களே திருத்திருவாங்க. யாரு கண்டுபிடிச்சான்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரும்.”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மற்றக் கையும் சட்டைக்குள் போனது.

“பேனாவக் கொண்டா” என்றார். மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டார். “டீச்சர், நீங்களும் வாங்க. கட்சி இல்லாத சாட்சி ஒண்ணு வேணும்.”

நான்கு பேர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முன்னால் சார், கையில் புத்தகம். பின்னால் ஜெமிமா. அவளுக்குப் பின்னால் நான். கடைசியில் ஹெப்சி, ஒரு கொடியோடு. எந்தக் கட்சிக் கொடி என்று நான் கவனிக்கவில்லை.

பாக்கியசீலன் சாரை நான் பெரிய ஆளாகக் கற்பனை செய்திருந்தேன். ஒல்லியாக, காதில் முடியோடு, கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாரும் வே ஞானசிகாமணி” என்றார். “என்ன, மறுபடியும் எண்ணச் சொல்லவா வந்தீரு?”

“எண்ணத்தான் சொல்ல வந்தேன். நாற்கரம், ஏழாவது கணக்கு.”

புத்தகம் மேசையில் விழுந்தது. பாக்கியசீலன் சார் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. காப்பி ஆறியது.

“அச்சுப் பிழ வே.”

“அச்சுலயா பாதி விழுந்துட்டு?”

“பிரஸ்காரன் செஞ்ச வேல.”

“ஓஹோ. நாப்பத்தெட்டையும் முப்பதையும் பிரஸ்காரனா பெருக்குனான்? சரியாப் பெருக்கிருக்கானே வே! உம்மள மாதிரி பெருக்க மட்டுந்தான் தெரியும் போல.”

பாக்கியசீலன் சார் எழுந்து கரும்பலகைக்குப் போனார். படம் வரைந்தார். சார் சாக்பீஸைப் பிடுங்கி அந்தப் படம் கோணலாக இருக்கிறது என்று வேறு வரைந்தார். கோணல் நிலம் கோணலாகத்தான் இருக்கும் என்றார் அவர். கோணலிலும் ஒரு ஒழுங்கு உண்டு என்றார் இவர். பாக்கியசீலன் சார் மூலையில் சாத்தியிருந்த ஒன்றை எடுத்துப் பலகையில் தட்டித் தட்டிக் காட்டினார். குச்சி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு முழங்கை மூட்டைப் பார்த்தேன். நுனியில் ஐந்து விரலும் கம்பியில் கோத்து இருந்தன.

ஜெமிமாவின் வாய் திறந்தது.

“சார், அது லேப்பு எலும்புக்கூட்டோட கை” என்றாள்.

“ஆமா, கழண்டு விழுந்துட்டு” என்றார் அவர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிரம்பத் தூக்காதன்னு சொல்லிட்டாங்க. கையில என்னத்தையாவது பிடிக்கணும்லா. வே, இங்க பாரும், இந்தச் செங்குத்து...”

“அத கீழ வச்சிட்டுப் பேசும். செத்தவன் கைய வச்சிக் காட்டுனா கணக்கு சரியாகிருமா?”

அரை மணி நேரம் ஆனது. கடைசியில் பாக்கியசீலன் சார் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த எலும்புக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“புத்தகம் வந்து ஒரு வருசம் ஆகுது. ஏழாவது கணக்கு வரைக்கும் ஒரு பயலும் போட்டுப் பாக்கல” என்றார். “எங்க வாத்திமார்ல ஒருத்தனும் பாக்கல. நீரு ஒருத்தர்தான் வே படிச்சிருக்கீரு.”

“நல்லாத்தான் எழுதிருக்கீரு” என்று சொல்லிவிட்டுச் சார் உடனே இருமினார். “அந்தப் பாதிய மட்டும் விட்டுட்டீரு.”

அந்த நேரத்தில் ஜெமிமா படிவத்தை மேசையில் நீட்டினாள். ஹெப்சி கொடியைத் தூக்கினாள்.

“அவளுக்கு என்ன வேணும்?” என்றார் பாக்கியசீலன் சார், கொடியைப் பார்த்து.

“சந்தேகம் வந்தா கொடி தூக்குவா சார்” என்றாள் ஜெமிமா. “எனக்கு இங்கன ஒரு கையெழுத்து வேணும்.”

பாக்கியசீலன் சார் படிவத்தை மேலிருந்து கீழே படித்தார். அடியில் சாரின் கையெழுத்து ஈரம் காய்ந்து இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, காம்பவுண்டுச் சுவர்தான். அதை அவர் ஏற்கெனவே அளந்திருந்தார்.

“பாஸாகி ஒம்பதாவதுக்கு எங்க வருவா?” என்று கேட்டார் பாக்கியசீலன் சார்.

“எங்கயும் வருவா. உமக்கு என்ன?” என்றார் சார் சன்னலைப் பார்த்தபடி.

“இங்க வருவேன்” என்றாள் ஜெமிமா.

கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது. முத்திரை லேசாகக் கோணலாக இருந்தது. அதைப் பற்றிச் சார் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது ஆச்சரியம்.

கிளம்பும்போது பாக்கியசீலன் சார் பீரோவிலிருந்து ஆறு, ஏழு, ஒன்பது, பத்து வகுப்புக் கணக்குப் புத்தகங்களை எடுத்துச் சாரின் கையில் அடுக்கினார். “இதுலயும் நம்ம ஆளுக இருக்காங்க. பாத்துச் சொல்லும். யாருட்டயும் சொல்லாண்டாம், என்ட்டச் சொல்லும்.”

“எல்லார்ட்டயும் சொல்லுவேன்” என்றார் சார். புத்தகங்களை விடவில்லை.

தெருவில் ஜெமிமா படிவத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். மறுநாள் காலை லில்லி அக்கா டியூட்டிக்குப் போகும் வழியில் அதைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிடுவார். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு டீச்சர் வீட்டுக்கு வர வேண்டியிருக்காது. அதை நான் அப்போதுதான் நினைத்தேன்.

“கை இருக்க எடம் தெரிஞ்சுட்டு. இனி லேப்பு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மத்த எலும்பு இருக்குல்லா மிஸ். இருநூறு சொச்சம்.”

முன்னால் போன சார் கோயில் வாசலில் நின்றார். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டாம் பக்கம். ஆள்காட்டி விரல் இறங்கியது. மூன்றாவது பெயரில் நின்றது. யாருக்கோ சகலையாகத்தான் இருக்க வேண்டும். சார் ஒரு முறை உறுமினார். பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, புத்தகத்தைத் திருப்பி, கடைசியில் இருந்த விடைகளைப் படித்துக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்.